வயிற்றில் எரியும் வேள்வித் தீ
உண்பதில் அளவு அறமாகுமா?

மானிடப் பிறவி கிடைத்தற்கரியது என்பது சைவ மக்களின் அசையாத நம்பிக்கை. அப்பிறவியின் பயனாகிய வழிபாட்டையும் தொண்டினையும் ஆற்றுவதற்குக் கருவியாக வாய்த்தது இவ்வுடம்பு. உடம்பை இழிவென்று ஒதுக்காமல், அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டிருக்கிறான் என உணர்ந்து பேணுமாறு உரைத்தவர் திருமூல நாயனார். ஆலயத்தைக் கூட்டி மெழுகி விளக்கேற்றுவது தொண்டு என்றால், உடம்பாகிய ஆலயத்தைப் பேணுவதும் தொண்டேயாகும். ஆயினும் நாளாந்தம் மூன்று வேளையும் நிகழும் உண்ணுதல் என்னும் செயலைத் தொண்டாகக் கருதுவோர் எத்தனை பேர்?

“உழைத்த காசில் வாங்கிச் சாப்பிடுவதில் மற்றவர்களுக்கு என்ன குறை?” என்று கேட்பவர்கள் உண்டு. களவு செய்வதும் பொய் சொல்வதும் பிறரைத் தாக்கும், அவை பாவம். ஆனால் இரண்டு வடை கூடுதலாக உண்பது யாரைத் தாக்கும்? இக்கேள்வி நியாயமானதே. உண்பதில் அளவு என்பது வெறும் உடல்நல யோசனையா, அல்லது அறத்தோடு சேர்ந்த ஒழுக்கமா என்பது சிந்திக்கத் தக்கது.

திருவள்ளுவர் இதற்கு ஒரு குறிப்பினைத் தந்துள்ளார். திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்பதாகும். மருந்தைப் பற்றிய அவ்வதிகாரத்தில் மூலிகையின் பெயர் ஒன்றேனும் இல்லை. பத்துக் குறள்களுள் ஆறு உணவைப் பற்றியே பேசுகின்றன. முன்னர் உண்டது செரித்ததை அறிந்து, பசித்த பின், உடலுக்கு ஒவ்வாதவற்றை நீக்கி, அளவோடு உண்பவனுக்கு வேறு மருந்து வேண்டியதில்லை என்பதே அவற்றின் திரண்ட கருத்து. வயிற்றுத் தீயின் அளவை அறியாமல் பெருமளவு உண்பவனை நோயும் அளவின்றிப் பற்றும் என்றும் அவர் எச்சரிக்கின்றார்.

அவர் குறிப்பிட்ட அந்தத் தீயே சித்த மருத்துவர்கள் உடலைப் பார்க்கும் பார்வையின் நடுவில் இருப்பது. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் தத்தம் அளவில் நின்றால் சுகம். மிகினும் குறையினும் நோய். உண்ட உணவைப் பக்குவம் செய்யும் ஆற்றலை அக்கினி என அழைத்து, அதனை நான்காக வகுத்துரைப்பர். ஒழுங்காகச் செரிப்பிப்பது சமாக்கினி. ஒரு நாள் செரித்தும் மறுநாள் பொருமியும் நிற்பது விஷமாக்கினி. உண்டதை எரித்து மீண்டும் மீண்டும் பசியைத் தூண்டுவது தீட்சணாக்கினி. சிறிது உண்டாலும் வயிறு கனத்துக் கிடப்பது மந்தாக்கினி. ஆகவே ஒரே உணவு எல்லோருக்கும் ஒரே பயனைத் தருவதில்லை. வயலில் உழைக்கும் இளைஞனுக்கு ஏற்ற உணவு, வீட்டில் இருக்கும் முதியவருக்குச் சுமையாகலாம். அதனாலேயே நல்ல வைத்தியர் மருந்தைச் சொல்லுமுன் பசி எப்படி, நித்திரை எப்படி, மலம் ஒழுங்காகக் கழிகிறதா, மனதில் கவலை உண்டா என்றெல்லாம் கேட்கின்றார். அவர் நோக்குவது வயிற்றை மாத்திரமன்று, முழு மனிதனையுமாகும்.

யாகசாலையைக் கண்ட அடியார்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஓமகுண்டத்தில் தீ மூளுமுன் விறகை அடுக்கிக் குவித்தால் புகைதான் எழும். ஈர விறகை இட்டாலும் அவ்வாறே. முன்னர் இட்ட சமித்து எரியுமுன் மேலும் மேலும் இட்டால் வளர்ந்த தீயும் அடங்கிவிடும். குருக்கள் அளவறிந்து, நேரமறிந்து, முறையறிந்து ஆகுதி இடுகின்றார். பகவத்கீதையின் 15ஆம் அத்தியாயத்தில், உயிர்களின் உடலில் வைசுவாநரன் என்னும் தீயாக இருந்து உணவைச் செரிக்கச் செய்பவன் தானே எனக் கண்ணபிரான் கூறுகின்றார். அப்படியாயின் ஒவ்வொரு கவளமும் ஓர் ஆகுதி. வேள்விக் குண்டத்தில் கண்டதையும் போடத் துணியாத கை, வயிற்றில் மட்டும் கண்டதையும் போடலாமா?

வயிற்றில் இரண்டு பங்கை உணவாலும் ஒரு பங்கை நீராலும் நிரப்பி, நான்காவது பங்கை வெறுமையாக விட வேண்டும் என்பது பழைய வைத்திய மரபு. இன்றைய மருத்துவமும் இதற்கு மாறாகப் பேசவில்லை. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டுவதற்கு ஏறத்தாழ இருபது நிமிடங்கள் செல்லும். அவசரமாக விழுங்குபவர் அந்தச் செய்தி வருமுன்னரே தேவைக்கு மேல் உண்டு விடுகின்றார். பெருங்குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் கீரை, காய்கறி, பயறு, தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருளை உண்டு, குடலின் உட்சுவருக்கு வேண்டிய போசணையை ஆக்கித் தருகின்றன. நாளொன்றுக்கு 400 கிராமிற்குக் குறையாமல் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்றும், உப்பு 5 கிராமிற்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது.

நம் முன்னோரின் அடுப்படியில் இவ்வறிவு சொல்லாமலே குடியிருந்தது. சிவப்புக் குத்தரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, மோர், இரசம் என்பன நாளாந்த உணவாக இருந்தன. வயிறு மந்தித்தால் நற்சீரகமும் ஓமமும், தடிமன் பிடித்தால் வேர்க்கொம்பும் மல்லியும் அவித்த குடிநீர், பிள்ளை பெற்ற தாய்க்குச் சரக்குக் கறி என ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இருந்தது. ‘செகராசசேகரம்’, ‘பரராசசேகரம்’ முதலிய வைத்திய நூல்கள் யாழ்ப்பாணத்து அரசர் காலத்தோடு தொடர்புடையவை. 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவப் படிப்பு தொடங்கியதும் இந்தத் தொடர்ச்சியின் ஓர் அங்கமே. இன்றோ மோர் இருந்த இடத்தில் இனிப்புச் சோடாவும், கடலை இருந்த இடத்தில் பொரித்த பைக்கற்றுகளும் வந்து சேர்ந்துள்ளன.

இனி, அறம் எங்கே வருகின்றது என்பதைப் பார்ப்போம். ஊர்ப் பரியாரியார் ஒருவரிடம் கந்தசஷ்டி காலத்தில் மூதாட்டி ஒருவர் வருவதாகக் கொள்வோம். அவருக்கு நீரிழிவு. தலைச்சுற்று, கைநடுக்கம், வயிற்றெரிவு என்கிறார். பரியாரியார் விசாரிக்கின்றார்.

“ஆச்சி, கிளினிக்கில தந்த குளிசை போடுறியளே?”

“இல்லைத் தம்பி. முதல் இரண்டு நாளும் போட்டன், தலை சுத்திச்சுது. பிறகு விட்டிட்டன். விரதத்தில குளிசை போட்டால் விரதம் முறிஞ்சு போம் எல்லே?”

“சாப்பாடு?”

“ஒரு நேரம் பாலும் பழமும்தான். முருகன் பாத்துக்கொள்ளுவான்.”

இவ்விடத்தில் வைத்தியர் என்ன சொல்ல வேண்டும்? அவரது பக்தியைப் புகழ்ந்து அனுப்பி விடலாம். அது இலகு, ஆனால் உண்மையன்று. “விரதம் எல்லாம் மூடத்தனம்” என்று சொல்லி மனதை நோகடிக்கவும் கூடும். அதுவும் உண்மையன்று. உண்மையை அறிந்த வைத்தியர் இவ்வாறு சொல்லுவார்: “ஆச்சி, விரதம் எண்டது நாக்கையும் மனசையும் அடக்கிறது. உடம்பை அழிக்கிறது இல்லை. இந்த உடம்பு அவர் தந்தது. சாப்பாட்டைக் குறைச்சு முழுக் குளிசையையும் போட்டால் சீனி இறங்கி மயக்கம் வரும். குளிசையை விட்டால் சீனி ஏறும். இரண்டும் ஆபத்து. இண்டைக்கே ஆசுப்பத்திரியில காட்டுங்கோ. எவ்வளவு சாப்பிடுறது, எந்தக் குளிசையை எப்ப போடுறது எண்டு அவை சொல்லுவினம். பொய் சொல்லாமல், கோபிக்காமல், புராணம் கேட்டு இருங்கோ. அதுவும் விரதந்தான்.”

இம்மொழியில் ஓர் அறம் உண்டு. உடம்பு ஒருவருடைய முழு உடைமை அன்று. அது பயன்படுத்தத் தரப்பட்ட பொருள். இரவற் பொருளைப் பழுதாக்காமல் திருப்பிக் கொடுப்பது எவ்வாறு கடமையோ, அவ்வாறே உடம்பைப் பேணுவதும் கடமையாகும். மிதமிஞ்சி உண்பதும் அக்கடமையை மீறுவது. உடல்நிலை பாராமல் பட்டினி கிடப்பதும் அக்கடமையை மீறுவதே. யோகம் என்பது மிகுதியாக உண்பவனுக்கும் இல்லை, உண்ணாமலே இருப்பவனுக்கும் இல்லை எனக் கீதையின் 6ஆம் அத்தியாயம் கூறுவதும் இதனையே. ஆறு நாள் உபவாசமிருந்து, பாரணையன்று ஒரே வேளையில் ஆறு நாளுக்கும் சேர்த்து உண்பவர் இரண்டு பிழையையும் ஒருங்கே செய்கின்றார். ஓய்ந்திருந்த வயிற்றுக்கு முதலில் கஞ்சி, பின்னர் சிறிது சோறு என்பதே முறை.

மேலும், ஒருவர் நோயுற்றால் நோகிறவர் அவர் மட்டும் அல்லர். கிளினிக்கிற்குக் கூட்டிச் செல்லும் மகளின் ஒரு நாட் கூலி போகின்றது. தகப்பனின் கால் புண்ணைக் கழுவிக் கட்டும் மகனின் படிப்புக் குழம்புகின்றது. “என் வாய், என் வயிறு” என்று தொடங்கிய கதை ஒரு குடும்பத்தின் கதையாக முடிகின்றது. எனவே தட்டில் கை வைக்கும்போது அக்கையின் பின்னே வீட்டார் அனைவரும் நிற்கின்றனர் என்பது மறக்கத் தக்கதன்று.

எனினும் இக்கருத்தைக் கவனமாகக் கையாள வேண்டும். நோயாளியைக் கண்டதும் “வாயைக் கட்டியிருந்தால் இது வந்திருக்குமா?” எனக் கேட்பது அறமன்று, கொடுமை. எல்லா நோயும் உணவால் வருவதில்லை. இரைப்பைப் புண்ணுக்கு உறைப்பும் கவலையுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1982இல் அவுஸ்திரேலிய மருத்துவர்களான பரி மார்ஷல், ரொபின் வொரன் ஆகியோர் இரைப்பையில் வாழும் ஒரு பற்றீரியாவை இனங்கண்டு, பெரும்பாலான புண்களுக்கு அதுவே காரணம் என்பதை வெளிப்படுத்தினர். 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரம்பரையால், கிருமியால், வறுமையால் வரும் நோய்கள் பல. ஆகவே அளவு என்னும் அறம் ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக் கொள்ள வேண்டியது. அயலவரைச் சுட்டும் விரலாக அது மாறக் கூடாது.

அவ்வாறே வைத்தியருக்கும் ஓர் அளவு உண்டு. மலத்தில் இரத்தம் போதல், மலம் தார் போலக் கறுத்தல், காரணமின்றி உடல் மெலிதல், விழுங்குவதில் கடினம், ஓயாத வாந்தி, கிழமைக் கணக்காக மாறி நிற்கும் மலப்போக்கு ஆகியவற்றைக் கண்டால் கசாயம் கொடுத்து நாளைப் போக்காமல் உடனே வைத்தியசாலைக்கு அனுப்புபவரே நல்ல வைத்தியர். தன் மருந்தின் எல்லையை அறிவதும் மருத்துவமே.

இன்னுமொரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. ஒரு வேளைச் சோற்றுக்கே வழியற்றவரிடம் அளவைப் பற்றிப் பேசலாமா? பேசக் கூடாது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனியின்றிப் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்தவர்களும், 2022இன் நெருக்கடியில் ஒரு வேளை உணவைத் தாமாகக் குறைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த தாய்மாரும் நம் மத்தியில் உள்ளனர். அவர்களுக்கு வேண்டியது உபதேசமன்று, உணவு. அளவு என்னும் அறம் உள்ளவர்களுக்கே உரியது. அதற்கு ஈகை என்னும் மறுபக்கமும் உண்டு. ஒருவர் தம் வீட்டில் குறைத்து உண்பதால் மட்டும் அயல்வீட்டுப் பானை நிறைந்து விடாது. குறைத்ததை எடுத்துக் கொடுத்தால்தான் நிறையும். கொடுக்காத அளவு வெறும் சிக்கனம். கொடுக்கும் அளவே தவம்.

ஆலயத்தில் நிகழும் மகேஸ்வர பூசை இவ்விரண்டையும் ஒருங்கே பழக்கும் பள்ளிக்கூடம் எனலாம். அங்கே தனவந்தரும் ஏழையும் ஒரே பந்தியில் அமர்கின்றனர். பரிமாறுவோர் முதலில் சிறிதாக இட்டு, வேண்டியவருக்கு மறுபடியும் மனமுவந்து இடுவாராயின், உண்பவர் வயிறும் நோகாது, இலையில் சோறும் எஞ்சாது. “போதும்” என்று கை மறிப்பவரை வற்புறுத்துவது உபசாரம் ஆகாது. நீரிழிவுள்ளவர் சர்க்கரைப் பொங்கலில் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் இட்டால் பிரசாதத்தின் பயன் குறைந்து விடாது. திருவருளை அகப்பைக் கணக்கில் அளப்பாரில்லை. தண்ணீர்ப் பந்தலில் இனிப்புப் பானத்தோடு மோரும் இருந்தால் முதியவர்களும் மனங்குளிர்ந்து அருந்துவர்.

வீட்டிலும் இது பழகத் தக்கது. பசித்த பின் உண்பது, மென்று உண்பது, இரவு உணவை நேரத்தோடு முடிப்பது, பிள்ளைக்குப் பசியில்லாதபோது திணிக்காமல் விடுவது, உண்ணுமுன் ஒரு கணம் இறைவனை நினைப்பது ஆகிய ஐந்துக்கும் காசு வேண்டியதில்லை. அந்த ஒரு கணமே ஆசையால் நீளும் கையைச் சற்று நிறுத்தி, “இது பசியா, ருசியா?” என்று கேட்க வைக்கும். விளைவித்த உழவரையும், சமைத்த கையையும், இன்று உண்ணாதவரையும் அந்த ஒரு கணம் நினைவூட்டும். அதன் பின் உண்பது வேள்வியாகும்.

யாகசாலைத் தீ திருவிழாவோடு நிறைவுறும். வயிற்றிலுள்ள தீயோ பிறந்த நாள் முதல் இறுதி மூச்சு வரை எரிகின்றது. அதனை அவியவும் விடாமல், அடங்காமல் எரியவும் விடாமல் காத்து, எஞ்சியதைப் பசித்தவரோடு பகிர்ந்து, நோயற்ற உடலோடும் தெளிந்த மனத்தோடும் எம்பெருமான் சந்நிதியை அடியார்கள் யாவரும் நெடுங்காலம் வலம்வர அவன் திருவருள் துணைநிற்பதாக.

சுபம்.