பத்து நிமிடம்

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. பம்புகள் இரவு பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைத் தணித்தால்தான் மேலே எந்திரங்கள் நின்று வெட்ட முடியும். தணிந்ததா இல்லையா என்று மண்ணைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அளந்துதான் அறிய வேண்டும்.

கழுத்துக்குள்ளும் இதே கணக்குதான். தைராய்டை ஒட்டி அரிசியளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருந்து, ரத்தத்தின் கால்சியத்தைக் காக்கின்றன. ஒன்று அடங்காமல் சுரந்தால் எலும்பு தேயும், சிறுநீரகத்தில் கல் சேரும். நாமோ கல்லென்றால் தண்ணீரையும், எலும்பு வலியென்றால் வயதையும் பழிப்போம்.

முன்பெல்லாம் கழுத்தை அகலத் திறந்து நான்கையும் தேடுவார்கள். இப்போது ஸ்கேன் காட்டும் ஒன்றை மட்டும் சிறு கீறல் வழியே எடுக்கிறார்கள். இன்னொன்றும் கெட்டிருந்தால்? இங்கேதான் இந்தச் சுரப்பிகள் சுரக்கும் பிடிஎச் ஹார்மோனின் அற்பாயுசு கைகொடுக்கிறது. சில நிமிடங்களிலேயே அது ரத்தத்தில் பாதியாகிவிடும். சுரப்பியை எடுப்பதற்கு முன் ஒரு ரத்த மாதிரி, எடுத்த பத்தாவது நிமிடம் இன்னொன்று. அளவு பாதிக்கும் கீழே இறங்கினால் தையல் போடலாம். இறங்காவிட்டால் தேடல் தொடரும். மயாமியின் ஜார்ஜ் இர்வின் 1990களில் பரவலாக்கிய முறை இது.

அந்தப் பத்து நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். வீங்கிய சுரப்பி தட்டில் கிடக்கிறது. பல்லாண்டு பழகிய கை, வேலை முடிந்துவிட்டதென்கிறது. ஆனாலும் அந்தக் கை காயத்தை மூடாமல், சோதனைக் குழாயின் பதிலுக்குக் காத்திருக்கிறது. தான் தவறியிருக்கலாம் என்று இடம்விடத் தெரிந்த கைக்குத்தான் சிறிய கீறல் போதுமானதாகிறது.

அமெரிக்கக் கப்பல் தலைவர் சார்லஸ் மார்ட்டெலுக்கு இந்த வசதி வாய்க்கவில்லை. ஆறு அறுவைகளில் கிடைக்காத பாராதைராய்டுக் கட்டி, 1932இல் ஏழாவதில் நெஞ்சுக்குள் அகப்பட்டது. சில வாரங்களில் அவர் இறந்தார்.

சோதனையும் சில நேரம் ஏமாற்றும். ஸ்கேன்கள் ஒத்துப்போனால் அது தேவையே இல்லை என்கிற மருத்துவர்களும் உண்டு. செலவையும் பார்க்க வேண்டுமே! அது அவர்கள் வாதம். ஆனால் நம் பக்கத்தில் பலருக்கு நோய் இன்னதென்று தெரிவதே தாமதமாகத்தான். வேலூர் சிஎம்சியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் இதற்கென்றே நாளமில்லாச் சுரப்பி அறுவைத் துறைகள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் யாருக்காவது திரும்பத் திரும்பக் கல் வந்தால், அடுத்த ரத்தப் பரிசோதனையில் கால்சியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.