ஒரு மாதிரி வாகனத்தின் பெயர்

கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த மருமகன் ஒரு பெட்டியை என் கையில் வைத்து, "மாமா, உங்கட பொறுமைக்கு இதுதான் சரி" என்றான். உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுக்கணக்கான துண்டுகள். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் பாவித்த ஏ.டீ.ஜி.ஸெட். என்ற கவச வாகனம், முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில். அசல் வாகனம் ஆறு மீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளம். மாதிரி ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.

தவணை விடுமுறை முழுவதும் அதிலேயே கழிந்தது. நான்கு அச்சுகள், பன்னிரண்டு சில்லுகள், இரு முனையிலும் சாரதி ஆசனம். முன்னென்றும் பின்னென்றும் இல்லாத விசித்திரப் பிறவி. அரத்தாளால் தேய்த்து, ஒட்டி, சாம்பல் நிறம் பூசி, அதன்மேல் புழுதியையும் துருவையும் எண்ணெய்க் கசிவையும் மெல்லிய தூரிகையால் தீட்டினேன். கரும்பலகையில் நேர்கோடு வராத என் கைக்கு இத்தனை நுட்பம் எங்கிருந்து வந்ததோ! பெருமை இல்லாமலில்லை.

கடைசியில் மிஞ்சியது ஒட்டுப்படத் தாள். அதில் 'ஒஸ்ட்மார்க்' என்றொரு சொல். அதன் பொருளைத் தேடப் போய்த்தான் நிம்மதி கெட்டது.

இவ்வாகனம் 1930களில் ஒஸ்திரிய இராணுவத்துக்காக ஒஸ்திரியாவிலேயே செய்யப்பட்டது. 1938இல் ஹிட்லர் அந்நாட்டை விழுங்கியபோது வாகனங்களும் கைமாறின. விழுங்கிய நாட்டுக்கு நாஜிகள் இட்ட பெயர்தான் ஒஸ்ட்மார்க். அப்பெயரைத் தாங்கிய வாகனம் 1939 செப்டெம்பர் 1ஆந் திகதி, போரின் முதல் விடியலிலேயே, டான்சிக் நகரின் போலந்துத் தபாலகத்தின் முன் வந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் தபால் ஊழியர்கள். மாலைவரை தாக்குப்பிடித்தார்கள். முடிவில் கட்டடத்தினுள் பெற்றோல் பாய்ச்சித் தீ மூட்டப்பட்டது. உயிர் தப்பிப் பிடிபட்டவர்களில் 38 பேர் ஒக்டோபர் 5ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டனர். தபாலகக் காப்பாளரின் வீட்டில் வளர்ந்த ஏர்வினா என்ற சிறுமி தீக்காயங்களால் மாண்டாள்.

அன்றைய புகைப்படமொன்று பரவலாக அறியப்பட்டது. வாகனமும் அதன் மறைவில் ஒதுங்கி நிற்கும் ஆயுததாரிகளும் அதில் தெரிகிறார்கள். மாதிரி செய்பவர்கள் அதை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள், எழுத்து எந்த இடத்தில் உள்ளது என்று அறிய. நானும் அதற்காகத்தான் பார்த்தேன். சுவருக்கு அப்பால் இருந்தவர்களைப் பற்றி அப்போது நினைக்கவில்லை.

என்னை உறுத்துவது இதுதான். துருவை அசல்போலத் தீட்டியவனை 'உண்மைக்கு நெருக்கம்' என்று மெச்சுகிறோம். ஒரு துளி குருதியைத் தீட்டியிருந்தால் அருவருப்பு என்று முகம் சுளிப்போம். அப்படியானால் நாம் உண்மை என்று சொன்னது எதை? பொம்மை எவரையும் சுடுவதில்லை, அது எனக்கும் தெரியும். கொல்லன் பட்டறைக் கத்தி உவமையை என்னிடம் சொல்ல வேண்டாம், வகுப்பில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். கத்திக்குப் பல வேலை. தபாலகத்தின் முன் நின்ற இந்த வாகனத்துக்கு அன்று ஒரே வேலை.

ஜேர்மனியின் தண்டனைச் சட்டம், 86அ பிரிவு, கல்வி, கலை போன்ற தேவைகளுக்கன்றி நாஜிச் சின்னங்களைப் பகிரங்கமாகக் காட்டுவதைத் தடுக்கிறது. ஆதலால் மாதிரிப் பெட்டிகள் பலவற்றில் ஸ்வஸ்திகா இராது. இருந்தாலும் இரு துண்டாக அச்சாகியிருக்கும். சட்டத்தின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் என் மேசையில் அதே முறையைப் பின்பற்றி இந்தப் பெயரை ஒட்டாமல் விட்டால் நடப்பது என்ன? வாகனம் வெறும் அழகிய யந்திரமாகிவிடும். எந்தத் தெருவிலும் நின்றிராத யந்திரம். அந்த அழகு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது.

குந்தர் கிராஸ் 1959இல் எழுதிய 'தகர முரசு' நாவலில் இத்தபாலக முற்றுகை வருகிறது. பழுதான விளையாட்டு முரசைத் திருத்திக்கொள்ளவே ஒஸ்கார் அங்கு போகிறான். கொல்லப்பட்ட தபால்காரர்களில் ஒருவர் கிராஸின் தாய்வழி உறவினர். அதே கிராஸ், தானும் பதினேழு வயதில் எஸ்.எஸ். படையில் இருந்ததை 2006இல்தான் ஒப்புக்கொண்டார். அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு பெயரை ஒட்டாமலே வைத்திருந்திருக்கிறார். அவரைத் தூற்றும் தகுதி எனக்கில்லை. ஒரு சாண் பிளாஸ்டிக்குக்கே நான் இரண்டு வாரம் தயங்கியவன்.

பிறகு தாளைத் தண்ணீரில் ஊறவிட்டேன். எழுத்து வழுகி வந்தது. புகைப்படத்தில் உள்ள இடத்திலேயே ஒட்டி, பஞ்சால் ஒற்றினேன்.

மருமகனின் மகன் தினமும் கேட்கிறான். எட்டு வயது. "மூத்தாப்பா, இதில என்ன எழுதியிருக்கு?" என்றும் ஒருநாள் கேட்டுவிட்டான். ஏர்வினாவுக்கு ஏறத்தாழ இவன் வயதுதான். வாகனம் இன்னும் அலுமாரியின் மேலேயே இருக்கிறது.