பொது நினைவும் அறக்கடனும்

கடந்தகாலத்தை அறிதல் வேறு. கடந்தகாலத்தின் பெயரால் மக்களை ஓரிடத்திற் கூட்டுதல் வேறு. முன்னது சுவடிக்கூடத்தில் தனித்திருந்து செய்யத்தக்கது. அதிற் பிழை நேரின் பின்வருவோர் திருத்துவர். பின்னதோ ஒரு செயல். எவரை அழைப்பது, எந்நாளில் அழைப்பது, வந்தோரைப் பாடச் சொல்வதா மௌனமாய் நிற்கச் சொல்வதா என்பன அங்கே தீர்மானிக்கப்பட்டாக வேண்டும். உண்மையைத் திரிக்காது உரைப்பதோடு வரலாற்றாசிரியனின் கடமை முடிந்துவிடுகின்றது எனக் கூறுவாருளர். அஃது ஏற்கத்தக்க கூற்றாகவே இருக்கட்டும். ஆயின், வரலாற்றின் பெயரால் பொதுமக்களை விருந்தினராக அழைக்கும் ஒரு நிறுவனத்தின் கடமையும் அவ்வளவில் முடிந்துவிடுமா?

இவ்வினாவை வெறுங் கருத்துநிலையில் ஆராய்வதிலும் பார்க்க, ஒரு நிறுவனத்தின் வாழ்வோடு பொருத்தி ஆராய்வது பயனுடையது. ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் பலவற்றிலே அரச நிதியின் துணையோடு இயங்கும் வரலாற்றுக் கழகங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றான மினசோட்டா வரலாற்றுக் கழகம் 1849 இல் நிறுவப்பட்டது. மினசோட்டா ஒரு மாநிலமாக ஒன்றியத்திற் சேர்ந்ததோ 1858 இலேயே. மாநிலம் பிறக்குமுன் அதன் வரலாற்றுக் கழகம் பிறந்துவிட்டது! வேடிக்கையாகத் தோன்றினும் இது பொருள் பொதிந்த செய்தியாகும். குடியேறியோர் தம் வரவையே வரலாற்றின் தொடக்கமாகக் கொண்டனர். அத்தொடக்கத்தைத் தவறவிடாது பதிந்துவைக்க விரும்பினர். அம்மண்ணிலே வழிவழியாக வாழ்ந்த டக்கோட்டா மக்களின் வரலாறு அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்னரே தொடங்கியிருந்தது என்பது அவர்கள் கருத்திற் படவில்லை.

சென் போல் நகரிலுள்ள நூதனசாலையும் சுவடிக்கூடமும் இக்கழகத்தினுடையன. மாநிலமெங்கும் இருபதுக்கும் மேற்பட்ட வரலாற்றுத் தலங்கள் அதனோடு தொடர்புடையன. பாடசாலை மாணவர்க்கான வரலாற்றுப் போட்டி, மாலைநேரச் சொற்பொழிவு, பழைய மாவாலையிற் கண்காட்சி, குடும்ப வழிமுறை தேடுவோர்க்கு உதவி என அதன் பணிகள் பலவாறு விரிந்துள்ளன. இவற்றுட் பெரும்பாலானவை எவர்க்கும் மனக்குறை தராதவை.

அதன் நிகழ்ச்சிகளுள் ஒன்று சிறப்பாக நோக்கத்தக்கது. 1975 நவம்பர் 10 ஆம் நாள் சுப்பீரியர் ஏரியிலே எட்மண்ட் பிற்சரால்ட் என்னும் தாதுக்கப்பல் புயலில் மூழ்கியது. அதிலிருந்த 29 பேருள் ஒருவரும் தப்பவில்லை. ஏரிக்கரையிலுள்ள ஸ்பிளிற் றொக் வெளிச்சவீட்டில் ஆண்டுதோறும் அந்நாளில் அவர்களுடைய பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட, மணி 29 முறை ஒலிக்கும். பேரேரிகளில் மாண்ட ஏனையோர்க்காக மேலும் ஒருமுறை ஒலிக்கும். பின்னர், 1969 இற் பணி ஓய்ந்த அவ்விளக்கு ஏற்றப்படும். இதனை ஆட்சேபிப்பார் எவருமிலர். காரணம் வெளிப்படை. கொன்றது ஏரி, ஏரிக்கு வழித்தோன்றல்கள் இல்லை. குற்றஞ்சாட்டப்படுவோர் இல்லாத இரங்கலிலே எல்லோரும் கலந்துகொள்ளலாம்.

ஆனால், அம்மாநிலத்தின் மண்ணில் வேறு சாவுகளும் நிகழ்ந்துள்ளன. ஒப்பந்தங்களால் நிலமிழந்து, வாக்களிக்கப்பட்ட பணமும் உணவும் உரிய காலத்தில் வந்துசேராது பசியில் வாடிய டக்கோட்டாக்களுள் ஒரு பகுதியினர் 1862 ஓகஸ்டில் போர் தொடுத்தனர். பெண்களும் குழந்தைகளும் உட்படக் குடியேற்றவாசிகள் பல நூற்றுவர் கொல்லப்பட்டனர். போர் செப்டெம்பரில் ஓய்ந்ததும் இராணுவ ஆணைக்குழு கூடியது. எதிரிகளுக்காக வாதாட வழக்கறிஞர் இலர். சில விசாரணைகள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தன. 303 பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. சனாதிபதி லிங்கன் பதிவுகளை ஆராய்வித்துப் பெரும்பாலோரின் தண்டனையை மாற்றினார். எஞ்சிய 38 பேரும் டிசெம்பர் 26 ஆம் நாள், நத்தாருக்கு மறுநாள், மான்கேற்றோ நகரில் ஒரே மேடையிற் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ 1,600 பெண்களும் குழந்தைகளும் முதியோரும் சினெலிங் கோட்டையின் கீழே மாரிகாலம் முழுவதும் அடைத்துவைக்கப்பட்டு, நூற்றுக்கு மேற்பட்டோரை நோய்க்கு இழந்தபின், 1863 இல் மாநிலத்தைவிட்டே அகற்றப்பட்டனர்.

இந்நிகழ்ச்சிகளுக்குக் கழகம் வெறும் சாட்சி அன்று. டக்கோட்டாக்கள் அழிக்கப்பட வேண்டும், அன்றேல் எல்லைக்கப்பால் துரத்தப்பட வேண்டும் எனச் சட்டசபையில் முழங்கிய ஆளுநர் அலெக்சாந்தர் றாம்சியே அக்கழகத்தின் முதல் தலைவர். டக்கோட்டாக்களின் போர்த்தலைவரான, ‘சிறுகாகம்’ என்னும் பொருள்பட வெள்ளையர் அழைத்த தாவொயாத்தெதூத்தா 1863 யூலையில், மகனுடன் காட்டுப்பழம் பறித்துக்கொண்டிருந்தபோது சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய தலைத்தோலும் மண்டையோடும் கழகத்தின் கைக்கு வந்து, பார்வையாளர்க்குக் காட்சிப்பொருளாயின. பின்னர் அவை காட்சியிலிருந்து அகற்றப்பட்டனவேனும், குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டுத் தென் டக்கோட்டாவில் அடக்கஞ் செய்யப்பட்டது 1971 இலேயே ஆகும். ஒருவருடைய பாட்டனாரின் எலும்பு பிறிதொருவர்க்கு ‘வரலாற்றுப் பொருள்’ ஆகியிருந்தது.

இனி, சென் போலில் 1872 இற் கட்டிமுடிக்கப்பட்ட றாம்சியின் மாளிகையை நோக்குவோம். அவருடைய பேர்த்திமார் அதனைக் கழகத்துக்கே விட்டுச்சென்றனர். தளபாடங்கள் அப்படியே பேணப்பட்ட அவ்வீட்டில் பல ஆண்டுகளாக டிசெம்பர் மாதத்தில் விக்டோரியாக் கால நத்தார் நிகழ்ச்சி நடைபெற்றது. அலங்கரித்த மரம், அக்காலச் சமையலறை மணம், குழந்தைகளின் குதூகலம். இவற்றில் எதுவும் பொய்யன்று. அக்குடும்பம் நத்தாரைக் கொண்டாடியது உண்மை. ஆயினும், அதே மாதத்தின் இருபத்தாறாம் நாளைப் பிறர் எவ்வாறு நினைக்கின்றனர் என்பதறிந்தோர்க்கு அவ்வீட்டின் விளக்கொளி உறுத்தவே செய்யும். உண்மைகளைக் கொண்டே அநீதி இழைத்தல் கூடும். எவ்வுண்மையை எந்நாளில் எவர்முன் வைப்பது என்ற தெரிவிலே அது நிகழ்ந்துவிடுகின்றது. சினெலிங் கோட்டையிலும் இதுவே நடந்தது. மீளக்கட்டப்பட்ட அக்கோட்டையில் உடைதரித்த வழிகாட்டிகள் நீண்டகாலம் 1820களின் படைவீரர் வாழ்வையே நடித்துக் காட்டினர். அவ்வாண்டுகள் தெரிந்தெடுக்கப்பட்டமையால், 1830களில் அங்கே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த டிறெட் ஸ்கொற்றும் அவர் மனைவி ஹரியற்றும் காட்சிக்கு வெளியே நின்றனர். 1862 இன் சிறைமுகாமும் வெளியே நின்றது. நாட்காட்டியில் ஒரு பக்கத்தைப் புரட்டாது விட்டதன்றி வேறொன்றும் செய்யப்படவில்லை.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. இன்றைய கழகத்தார் எவரையும் தூக்கிலிடவில்லை. தந்தையின் பாவம் மகனைச் சேருமென்பது பழைய மூடக்கொள்கை. ஆகவே விருந்தினர்முன் அவர்கள் தலைகுனிய வேண்டுவதில்லை என்பர். காள் யஸ்பேர்ஸ் 1946 இல் செருமானியரின் குற்றம் பற்றி எழுதியபோது வகுத்த வேறுபாடு இங்கு உதவும். குற்றச்செயலுக்கான பழி செய்தவனை மட்டுமே சாரும். அரசியற் பொறுப்போ அவ்வரசின் குடிகள் யாவரையும் சாரும் என்றார் அவர். நிறுவனத்துக்கு இது பின்னும் பொருந்தும். தனிமனிதன் இறக்கின்றான், கழகம் இறப்பதில்லை. 1849 இன் பட்டயமும், பின்வந்த நன்கொடைகளும், றாம்சியின் மாளிகையும் தனக்குரியன எனக் கூறும் கழகம், அதே வழியால் வந்த கடனை மட்டும் பிறருடையது எனக் கூறவியலாது. முதுசொம் ஏற்றவன் அதன்மேலுள்ள ஈட்டையும் ஏற்றவனாவான். இது குற்றவுணர்ச்சி பற்றிய பேச்சன்று. கணக்குப் பற்றிய பேச்சு.

மற்றொரு தடை இதிலும் வலியது. கொல்லப்பட்ட குடியேற்றவாசிகளுக்கும் வழித்தோன்றல்கள் உளர். அவர்தம் துயரும் துயரே. ஒருவர் இறந்தோரைக் கூறும்போதெல்லாம் மற்றவர் தம் இறந்தோரை எண்ணிக்காட்டின், பொது நினைவு தராசுக்கடையாகிவிடும். நாட்டினம் ஒன்று உருவாக மறதியும் இன்றியமையாதது என 1882 இல் றெனான் கூறியது இந்த அச்சத்தாலேயே எனலாம். ஆனால் றெனானின் மறதி இருபாலாரும் ஒப்ப மறக்கும் நிலையை முற்கோளாகக் கொண்டது. மினசோட்டாவிலோ ஒரு சாரார் நிலத்திலிருந்துகொண்டு மறந்தனர். மற்றவர் நிலமிழந்து நினைத்தனர். இந்நிலையில் மறப்போம் எனக் கேட்பது, இருப்பவன் இல்லாதவனிடம் கேட்கும் இன்னொரு கொடையாகவே முடியும். இரு துயரையும் கூறலாம், கூறத்தான் வேண்டும். இரண்டையும் சமனாக நிறுத்தும் பொருட்டுக் கூறுவதுதான் தவறு.

கழகம் தன் போக்கைச் சிறிது சிறிதாக மாற்றியுள்ளமையையும் கூறாதுவிடலாகாது. போரின் நூற்றைம்பதாம் ஆண்டாகிய 2012 இல் அது அப்போர் பற்றிய கண்காட்சியை நடத்தியது. அவ்வாண்டிலேயே ஆளுநர் மார்க் டெய்ற்றன் றாம்சியின் சொற்களை வெளிப்படையாக மறுத்துரைத்தார். கோட்டையருகே மினசோட்டா ஆறும் மிசிசிப்பியும் கலக்குமிடத்தை டக்கோட்டாக்கள் புனிதமாகக் கொள்வர்; இரு நீர் கூடுமிடம் எனப் பொருள்படும் ‘பிடோட்டே’ என்னும் சொல்லைக் கோட்டையின் பெயர்ப்பலகையிற் கழகம் சேர்த்தது. இது வரலாற்றை மாற்றியெழுதுதல் எனச் சினந்தோர் பலர். 2019 இல் மாநில செனற் சபை கழகத்தின் நிதியை ஆண்டுக்கு 40 இலட்சம் டொலர் குறைக்கும் மசோதாவை நிறைவேற்றுமளவுக்குச் சென்றது; இறுதி வரவுசெலவுத் திட்டத்தில் அக்குறைப்பு இடம்பெறவில்லை. ஒரு பலகையில் ஒரு சொல்! பொதுப்பணத்தில் இயங்கும் நினைவுக்குப் பொதுமக்கள் எவர் என்ற வினா அச்சொல்லின் உருவில் வந்தமையாலேயே அத்தனை சினம் எழுந்தது.

அடக்குமுறைக்குள்ளான மக்களையும் விழாவுக்கு அழைத்துவிட்டாற் போதும் என எண்ணுவது எளிது. அழைத்தல் எனின் வீடு அழைப்பவனுடையது என்றாகிவிடும். விருந்தோம்பல் எத்துணை இனியதாயினும் விருந்தினன் விருந்தினனே. அவன் கதையை அவன் எப்போது, எவ்வளவு நேரம் கூறுவது என்பதை வீட்டுக்காரனே விதிக்கின்றான். போர் மூண்ட இடங்களுள் ஒன்றாகிய கீழ் சூ முகவர் நிலையம் இதற்குப் பிறிதொரு வழியைக் காட்டுகின்றது. கழகத்துக்குச் சொந்தமாயிருந்த அத்தலத்தின் நிலத்தில் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பகுதி 2021 இல், அருகே வாழும் கீழ் சூ டக்கோட்டாச் சமூகத்தாரிடம் மீளக் கையளிக்கப்பட்டது. 1861 இற் கட்டப்பட்ட கற்களஞ்சியம் ஒன்று அத்தலத்திலே இன்னும் நிற்கின்றது. அதனைப் பார்க்க வருவோர், கழகத்தார் உட்பட, இப்போது அச்சமூகத்தாரின் விருந்தினராகவே வருகின்றனர்.