எலியின் வலிக்கும் கணக்கு உண்டு



பெரம்பலூர், அரியலூர் பக்கம் சின்ன வெங்காயக் காட்டில் குத்துக்காலிட்டே வேலை செய்யும் தாய்மார்களுக்கு மூட்டு வலி புதிதல்ல. ஸஜ்தா செய்ய முடியாமல் நாற்காலியில் தொழுபவர்கள் நம் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். இவர்களுக்கான மருந்து, மனிதனிடம் வருமுன் பிராணிகளிடம் சோதிக்கப்படுகிறது.

எப்படித் தெரியுமா? எலியின் முழங்காலில் ரசாயனத்தை ஊசியால் செலுத்தி மூட்டைக் கெடுக்கிறார்கள். அது வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லாது. எனவே எந்தப் பின்னங்காலில் எவ்வளவு பாரம் ஊன்றுகிறது என்று கருவியில் அளக்கிறார்கள். மெல்லிய இழையால் பாதத்தைத் தொட்டு, எப்போது காலை இழுக்கிறது என்று குறிக்கிறார்கள். முகச்சுளிப்பை வைத்துச் சுண்டெலியின் வலியைக் கணிக்கும் முறையும் 2010-இல் வந்துவிட்டது. வலி நிவாரணி கொடுத்தால் அளவு மாறிவிடும் என்று, சில சோதனைகளில் அதைக்கூடக் கொடுப்பதில்லை.

இது ஆகுமா?

பிராணிகளை அல்லாஹ் நமக்கு வசப்படுத்தித் தந்திருக்கிறான். அறுத்து உண்ணவும் அனுமதி உண்டு. ஆனால் அறுக்கும்போதும் கத்தியைக் கூர்மையாக்கி, பிராணியின் வேதனையைக் குறைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள் (முஸ்லிம்). தேவை அனுமதியைத் தரும், இஹ்ஸானை நீக்கிவிடாது. ஆகவே வேறு வழியே இல்லாதபோது, மிகக் குறைந்த எண்ணிக்கையில், வேதனைக்கு ஓர் எல்லை வகுத்துச் செய்தால் மட்டுமே இதற்கு இடமுண்டு என்பதே என் கருத்து. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும் ஆராய்ச்சியை அனுமதித்துவிட்டு, கருணையோடு செய் என்று நிபந்தனை விதிக்கிறது. முதுமையில் தானாகவே மூட்டு நோய் வந்த நாய்களின் நடையை அளந்து, அவற்றுக்கே மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளும் உண்டு. அது போதுமான இடத்தில் நல்ல மூட்டு ஒன்றைக் கெடுப்பதற்கு என்ன நியாயம்?

அழுத ஒட்டகத்தின் கண்ணீரைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதைத் தடவிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. உரிமையாளரை வரவழைத்துக் கேட்டார்கள் (அபூதாவூத்). வலியை அறிந்துவிட்டால் பொறுப்பும் வந்துவிடுகிறது. அளந்து எழுதி வைத்தவன், எனக்குத் தெரியாது என்று மறுமையில் சொல்ல முடியாது.

சகோதரர்களே, நாமும் சொல்ல முடியாது. குர்பானிக்கு ஆடு வாங்கும்போது நொண்டுகிறதா என்று நடக்கவிட்டுப் பார்க்கிறோம். நொண்டினால் வேண்டாம் என்று ஒதுக்குகிறோம். நம் கொட்டகையில் நொண்டும் ஆட்டை அதே கண்ணால் பார்த்து, கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போகிறோமா? அதற்குக் கருவி எதுவும் தேவையில்லையே!

வாயில்லா ஜீவன்களின் வேதனையை உணர்ந்து நடக்கும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.