மோட்டார் ஓசையும் அண்டை வீட்டார் ஹக்கும்



ஒருவன் தன் ஹலாலான பணத்தில் வாங்கிய பொருளைத் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாமா? கொள்ளலாம் என்றே எந்த வியாபாரியும் சொல்வான். ஆனால் அப்பொருள் எழுப்பும் ஓசை யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வியை நம் வாலிபர்களின் மோட்டார் சைக்கிள்கள் இன்று நம் முன் வைக்கின்றன. கம்பெனி பொருத்திய எக்ஸோஸைக் கழற்றிவிட்டு, கம்பீரமான ஓசைக்காக வேறு குழாய் மாட்டுகிறார்கள். அந்த ஆசையைக் குற்றம் என்று சொல்ல நான் முன்வரவில்லை. நல்ல ஓசையை விரும்புவது மனித இயல்பு. அதன் எல்லை எது என்பதே நம் ஆராய்ச்சி.

முதலாவது, ஆழமான ஓசை வேறு, உரத்த ஓசை வேறு. 1950களில் சென்னைத் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய புல்லட்டை எடுத்துக்கொள்வோம். பழைய 350 சி.சி. புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர். அதன் பிஸ்டன் 90 மி.மீ. ஏறி இறங்கும். நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் விநாடிக்கு 25 வெடிப்புதான். அந்த நிதானமே அதன் கம்பீரம். நம் ஊர்க் கப்சாயோ 8,000 சுற்றில் விநாடிக்கு 66 முறைக்கு மேல் வெடிக்கிறது. அதன் குழாயைக் குடைந்து திறந்துவிட்டால் புல்லட் ஆகிவிடாது. அலறல்தான் மிஞ்சும்.

ஆகவே குழாய் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உள்ளே அறைகளாகத் தடுத்த குழாய், ஓசையை அங்குமிங்கும் மோதவிட்டு அடக்குகிறது. துளையிட்ட குழலைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்த வகை, கீச்சென்ற ஓசையை உறிஞ்சி, தாழ்ந்த நாதத்தை விடுகிறது. பஞ்சு கருகினால் மாற்ற வேண்டும். வாயில் செருகியுள்ள ஓசைத் தடுப்பைக் கழற்றவே கூடாது. ஐரோப்பிய அங்கீகாரம் பெற்ற குழாயில், வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். குறிப்பிட்ட வண்டிக்குத்தான் அந்த முத்திரை செல்லும். நம் நாட்டிலும் மோட்டார் வாகன ஓசைக்கு 1987ஆம் ஆண்டு முதல் சட்டவிதிகள் உண்டு.

‘உரத்த ஓசை உயிரைக் காக்கும்’ என்று வாதிப்போர் உளர். குழாயின் வாய் பின்பக்கம் அல்லவா? பெரும்பாலான ஆபத்து முன்னாலிருந்து வருகிறது. அதற்காகத்தான் 1992 முதல் பகலிலும் முன்விளக்கெரிய ஓட்டும்படி இந்நாட்டில் விதித்தார்கள். விளக்கு யாருடைய தூக்கத்தையும் கெடுப்பதில்லை.

நிற்க. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் அன்று எல்லோருக்கும் ஒரே விடியல். பெரட்டு மணி அடித்தால் லயம் முழுவதும் எழுந்தது. ஈப்போவைச் சுற்றிய தோட்டங்கள் பல இன்று தாமான்கள் ஆகிவிட்டன. ஒரு வீட்டில் இரவு ஷிப்ட் முடித்தவர் பகலில் உறங்குகிறார். அடுத்த வீட்டில் பச்சிளங்குழந்தை. அதற்கடுத்த வீட்டில் நோயாளி. ஒட்டிய சுவர்கள், ஆனால் வீட்டுக்கு வீடு வேறு இரவு. தாழ்ந்த நாதம் சுவரை எளிதில் ஊடுருவும் என்பதையும் மறக்கலாகாது. எனவே ஆழமும் அளவோடு இருக்க வேண்டும்.

இனி மார்க்கத்தைப் பார்ப்போம். ஹழ்ரத் லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குக் குரலைத் தாழ்த்தும்படி உபதேசித்ததைத் திருமறையில் ஓதுகிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளியில் இஃதிகாஃப் இருந்தபோது, சிலர் உரக்கக் குர்ஆன் ஓதுவதைக் கேட்டுத் திரையை விலக்கி, ஒருவருக்கொருவர் தொல்லை தர வேண்டாம் என்று தடுத்ததாக ஹதீஸ் கூறுகிறது. சிந்தியுங்கள்! இறைவேதத்தின் ஓசைக்கே எல்லை உண்டென்றால், இரும்புக் குழாயின் ஓசைக்கு இல்லாமலிருக்குமா?

வியாபாரியாகிய நமக்கு இன்னொன்றும் விளங்க வேண்டும். அடியாரின் ஹக்கைப் பறித்தவனுக்குத் தவ்பா மட்டும் போதாது, உரியவரிடம் மாப்புக் கேட்டுத் தீர்க்க வேண்டும் என்பது உலமாக்கள் காட்டிய வழி. கடையில் ஒருவரிடம் பத்து வெள்ளி அதிகம் வாங்கிவிட்டால் தேடிப்போய்த் திருப்பிக் கொடுக்கலாம். நள்ளிரவில் ஒரு தாமானைக் கடக்கும் வாலிபன் எத்தனை வீடுகளின் தூக்கத்தை எடுத்துச் செல்கிறான்! யார் விழித்தார், எந்தக் குழந்தை அழுதது என்று அவனுக்குத் தெரியாது. கணக்கில் ஏறாத கடன். கொடுத்தவர் பெயரும் தெரியாத கடன். மறுமையில் அந்தப் பேரேடு விரிக்கப்படும்போது எதைக் கொண்டு அடைப்பது?

அக்கடனில் விற்றவனுக்கும் பங்குண்டு. உதிரிப்பாகக் கடை வைத்திருப்போர், ‘இந்தத் தடுப்பைக் கழற்றினால் இன்னும் நன்றாயிருக்கும்’ என்று வாய்க்குள் சொல்லிக் குழாய் விற்பது அழகல்ல. ‘தம்பி, வீடு எங்கே? வேலை எத்தனை மணிக்கு?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அதற்கேற்ற குழாயைக் காட்டலாம். லாபம் சிறிது குறையலாம், பரக்கத்துக் குறையாது.

சகோதரர்களே! வண்டி நம்முடையது, பாதை அரசாங்கத்துடையது, அமைதியோ எல்லோருக்கும் அல்லாஹ் தந்த அமானிதம். அதனைப் பேணி நடக்க நம் யாவருக்கும் அவன் தௌபீக் செய்வானாக. ஆமீன்.