பார்க்காமல் இருந்தால் பொறுப்பு இல்லையா?



நமக்குத் தெரியாமல் நடக்கும் பிழைக்கு நாம் பொறுப்பாவோமா? தெரிந்துகொள்ள வழி இருந்தும் வேண்டுமென்றே பார்க்காமல் விட்டிருந்தால்? இந்தக் கேள்வி அண்மையில் எனது பழைய பிக்கப் வண்டியின் முன் சில்லு வழியாக என்னிடம் வந்தது.

அன்னதானப் பாத்திரங்கள் ஏற்றிய வண்டி என்பதால் உங்களில் பலர் அதைக் கண்டிருப்பீர்கள். இருபது வயதைத் தாண்டிவிட்டது. அதை விற்க எண்ணியிருந்தேன். இர்விங்குக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் வந்து பார்த்தார். மூவாயிரம் டாலருக்குப் பேசி முடித்தோம். புறப்படும்போது அவர், "அண்ணை, வண்டியிலை பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார். "எனக்குத் தெரிய ஒண்டும் இல்லை, தம்பி" என்றேன்.

சொல்லுக்குச் சொல் எடுத்துப் பார்த்தால் அது பொய் அல்ல. ஆனால் இரண்டு மாதமாக, வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் இடது முன்பக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த டயரும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. நான் சில்லைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் விலை குறையும்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. விடிந்ததும் கீழ்க் கையின் அடியில் ஜாக்கை வைத்து, பாரத்தை மூட்டிலிருந்து எடுத்துவிட்டு, சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். மகன் டோர்ச் பிடித்தான். என் கைக்குத் தளர்வு தெரிந்தது. அவன் கண்ணுக்கு அசைவு தெரிந்தது. கீழ்ப் பால் ஜாயின்ட் தேய்ந்து போயிருந்தது.

தமிழில் இதைப் பந்து மூட்டு எனலாம். நமது தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்தில் சுழல்வது போல, ஓர் இரும்புப் பந்து குழிக்குள் சுழல்கிறது. சில்லு மேலும் கீழும் போவதற்கும் இடம் வலம் திரும்புவதற்கும் இதுவே ஆதாரம். இதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். நீரும் மண்ணும் உள்ளே போகும். இரும்பை இரும்பு அரைக்கும். முற்றிலும் தேய்ந்தால் பந்து குழியை விட்டுக் கழன்று, சில்லு பக்கவாட்டில் மடிந்துவிடும். 183ஆம் நெடுஞ்சாலையில் அறுபது மைல் வேகத்தில் அது நடந்தால், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமா ஆபத்து? அடுத்த தடத்தில் வருபவருக்கும்தான்.

சட்டம் இதைக் கேட்கிறதா? டெக்சஸில் சொந்தப் பாவனைக்குரிய வண்டிகளுக்கு இருந்த வருடாந்தப் பாதுகாப்புப் பரிசோதனை 2025 ஜனவரி 1ஆம் திகதியுடன் நீக்கப்பட்டது. டல்லஸ் மாவட்டத்தில் இருக்கும் நமக்குப் புகைப் பரிசோதனை மட்டும் தொடர்கிறது. பரிசோதனை போனாலும் அதற்கு ஈடாக ஏழரை டாலர் கட்டணம் பதிவோடு வாங்கப்படுகிறது என்பது வேறு கதை. தனியார் விற்பனையில் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதிக் கொடுப்பதும் இங்கே வழக்கம். ஆக, என்னைக் கேட்பவர் ஒருவரும் இல்லை.

ஆனால் பரிசோதகர் போனதால் பரிசோதிக்கும் கடமையும் போய்விட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. அது சொந்தக்காரனிடம் திரும்பி வந்திருக்கிறது. எனது தொழிலிலும் இதே கதைதான். பெட்டியைத் திறந்து பாராமல் 'எனக்குத் தெரிய எல்லாம் சரி' என்று கையொப்பமிடும் கணக்காய்வாளரை யாரும் நிரபராதி என்பதில்லை. பார்ப்பதே அவர் வேலை.

யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது சிலருக்கு நினைவிருக்கலாம். உதிரிப்பாகம் இல்லை, சோதிக்க அதிகாரியும் இல்லை. எங்கள் ஊரில் கராஜ் வைத்திருந்த ஒரு பெரியவர், திருத்திய காரில் முதலில் தானே ஏறி ஒரு சுற்று ஓடிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். எங்களுக்கு அன்று இருந்த ஒரே பரிசோதனைச் சான்றிதழ் அதுதான்.

சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் மனுநீதிச் சோழன் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்போம். திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்ச் சில்லில் அகப்பட்டு ஒரு கன்று இறந்தது. அது தானே துள்ளி வந்து அகப்பட்டது, இளவரசன் காணவில்லை. எனினும் 'தெரியாமல் நடந்தது' என்ற சமாதானத்தை அரசன் ஏற்கவில்லை. அவன் விதித்த தண்டனையை நாம் இன்று ஏற்க மாட்டோம். ஆனால் சில்லு செய்வதற்கு அதைச் செலுத்துபவன் பொறுப்பு என்ற எண்ணம் நம்மிடம் மிகப் பழையது. தெரியாத இளவரசனுக்கே அப்படியென்றால், சத்தம் கேட்டும் குனிந்து பாராத எனக்கு?

2005இல் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்கப், எஸ்யூவி வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம் இதே பந்து மூட்டுத்தான். தயாரிக்கும்போது பந்தில் விழுந்த ஒரு கீறல் அதைச் சீக்கிரம் தேய்த்துவிடக் கூடும் என்று கண்டார்கள். விற்ற பொருளைத் திரும்ப அழைக்க ஒரு நிறுவனத்துக்கு முறை இருக்கிறது. சொன்ன சொல்லைத் திரும்ப அழைக்க மனிதனுக்கு ஒரு தொலைபேசி போதும்.

அழைத்தேன். "தம்பி, நான் சொன்னது பிழை. முன் சில்லிலை தேய்வு இருக்கு" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப பாக்காமலோ சொன்னீங்கள், அண்ணை?" என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். அதுதான் சுட்டது.

கராஜில் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை. ஆகவே சனிக்கிழமை வீட்டிலேயே தொடங்கினேன். மூட்டை அழுத்தி எடுக்கும் கருவியை உதிரிப்பாகக் கடையில் முற்பணம் கட்டி இரவல் வாங்கலாம். திருப்பிக் கொடுத்ததும் பணம் வந்துவிடும். ஜாக்கை மட்டும் நம்பாமல் வண்டியை ஸ்டாண்டில் இருத்துவது முதல் விதி. ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மறுபக்கமும் தூரமில்லை என்பதால் இரண்டையும் மாற்றினேன்.

கடைசி வேலை, கோட்டை மதில் போல வெட்டுள்ள நட்டை உரிய அளவுக்கு இறுக்கி, துளை வழியே ஸ்பிளிட் பின் போடுவது. துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் சிறிது இறுக்க வேண்டும். ஒருபோதும் தளர்த்தக் கூடாது. எனக்குத் துளை நேராக வரவில்லை. இருட்டிவிட்டது, தோள் வலித்தது. கொஞ்சம் தளர்த்தினால் பின் உடனே போய்விடும். சில்லைப் பூட்டிய பின் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? மகன் பார்த்துக்கொண்டிருந்தான். இறுக்கினேன். அவன் இல்லாதிருந்தாலும் இறுக்கியிருப்பேன் என்று எழுதவே விரும்புகிறேன்.

திங்களன்று சில்லுகளை அலைன்மென்ட் செய்வித்தேன். பிறகு வண்டியில் எனக்குத் தெரிந்த குறைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன்: சிக்னலில் நிற்கும்போது ஏசி குளிராது, பின் கதவின் பூட்டு இறுக்கம், எண்ணெய் இலேசாகக் கசியும். தம்பி அதை நின்று வாசித்தார். இருநூறு டாலர் குறைத்தார். வண்டியை எடுத்துக்கொண்டார்.

நம்மில் பலர் பழைய வண்டியில்தான் இந்த நாட்டு வாழ்க்கையைத் தொடங்கினோம். இரண்டு வேலை செய்பவரிடம் 'உன் கடமை' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது, நியாயமல்ல. ஆகவே, முன்பக்கத்தில் சத்தம் கேட்கும் வண்டி உள்ளவர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். ஜாக்கும் டோர்ச்சும் கொண்டு வருகிறேன். பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும்.