நீக்கப்பட்ட கேள்வி

இரவு ஒன்றரை மணிக்கு வந்த கேள்வி அது. லினக்ஸ் பழகுகிறவர்களுக்கான வாட்ஸ்அப் குழு ஒன்றில், கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் தன் மடிக்கணினித் திரையைக் கைபேசியில் படமெடுத்துப் போட்டிருந்தான். படம் சாய்ந்திருந்தது. திரையின் குறுக்கே அலையலையாய்க் கோடுகள், ஓரத்தில் கட்டைவிரலின் நிழல். கறுப்புத் திரையில் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று இரண்டே சொற்கள். கீழே எழுதியிருந்தான்: “சார், ஒரு பார்ட்டிஷன டெலிட் பண்ணேன், அதுக்கப்புறம் இப்படி வருது. நாளான்னைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. ப்ளீஸ் சார்.”

முதல் பதில் உடனே வந்தது: “ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தெரியாதவனுக்கு எதுக்குப்பா லினக்ஸ்?” அதற்கடியில் வாய்விட்டுச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள், பதினொன்று. அதில் ஒன்று நான் போட்டது. காலையில் பார்த்தால், கேள்வி இருந்த இடத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்றிருந்தது.

க்ரப் என்பது கணினி விழித்ததும் எந்த இயங்குதளத்தை எழுப்புவது என்று பார்க்கும் சிறு நிரல். வட்டின் ஒரு பகுதியான பார்ட்டிஷனை அழித்தால் மற்றவற்றின் எண்கள் மாறிவிடலாம். தன் கோப்புகள் எங்கே என்று தெரியாமல் க்ரப் திகைத்து நின்றுவிடும். அந்த நேரத்தில் இயங்குதளமே எழுந்திருக்காது. ஸ்கிரீன்ஷாட் எடுக்க வழியே கிடையாது. கைபேசியில் படமெடுத்துத்தான் காட்ட வேண்டும். பையன் சரியாகத்தான் செய்திருந்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு முகத்தின் பூர்வீகம் தெரிந்தபோது வெட்கம் இன்னும் கூடியது. 1982 செப்டம்பரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவிப்புப் பலகையில் யாரோ வேடிக்கையாக எழுதியதைச் சிலர் நிஜமென்று நம்பிவிட்டார்கள். முக்காற்புள்ளி, சிறு கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் போட்டால் வேடிக்கை என்று புரிந்துகொள்ளலாமே என்றார் ஸ்காட் ஃபால்மன். முகம் பார்க்காமல் பேசும்போது ஒருவரை ஒருவர் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்ற கவலையில் பிறந்த அடையாளம் அது. அதைத்தான் ஒரு பையனை விரட்டப் பயன்படுத்தினோம்.

பழைய காலத்தில் எல்லோரும் பண்பாகப் பேசினார்கள் என்று சொல்ல மாட்டேன். லினக்ஸைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸின் வசவுகள் பிரசித்தம்; 2018-இல் அவரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். ஆனாலும் ஒரு நிதானத்தைச் சொல்லிக்கொடுக்க அன்று ஆள் இருந்தது. 1995-இல் எழுதப்பட்ட இணைய நடத்தைக் குறிப்புகளில், கோபத்தில் எழுதுவதை ஓர் இரவு கழித்து அனுப்பு என்று ஓர் அறிவுரை உண்டு. இன்று அந்தப் பொறுமைக்கு இடமே இல்லை. தெருவில் ஒருவர் வழி கேட்டால் முனை வரை நடந்துபோய்க் காட்டுகிறோம். ‘மேப் பார்க்கத் தெரியாதா’ என்று அவரிடம் கேட்பதில்லை. அதே நாம்தான் குழுவில் ‘கூகுள்ல தேடு’ என்கிறோம்.

கேட்கிறவர்கள் பக்கமும் குறை உண்டு. பதில் கிடைத்ததும் காணாமல் போகிறார்கள். ‘சரியாயிடுச்சு’ என்று மட்டும் எழுதி, எப்படிச் சரியானது என்று சொல்லாமல் விடுகிறார்கள். அடுத்து அதே சிக்கலில் மாட்டுகிறவருக்கு எவ்வளவு ஆற்றாமையாக இருக்கும்!

கடுஞ்சொல் மனத்தை நோகடிப்பதோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்திருந்தேன், எக்ஸ்இசட் விவகாரம் வெடிக்கும்வரை. எக்ஸ்இசட் என்பது லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் கோப்புச் சுருக்க நிரல். ஒரு தனி மனிதர் சம்பளமில்லாமல் பல வருடங்கள் அதைப் பராமரித்து வந்தார். 2022-இல் முன்பின் தெரியாத சிலர், ‘ஏன் இத்தனை தாமதம், முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடுங்கள்’ என்று அவரை நச்சரித்தார்கள். தன் நிலைமையை அவர் பொறுமையாக விளக்கிப் பார்த்தார். கடைசியில், உதவ வந்தவர்போல் ஒட்டிக்கொண்ட ஓர் ஆளிடம் பொறுப்பு போய்ச் சேர்ந்தது. 2024-இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அந்த ஆள் கள்ளக்கதவு வைத்தார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததால், மார்ச் 29 அன்று விஷயம் அம்பலமானது. நச்சரித்த பெயர்கள் இதற்கென்றே புனைந்தவை என்று பலரும் கருதுகிறார்கள். என்னை உலுக்குவது வேறு: அந்த நச்சரிப்பு அப்போது யாருக்கும் விசித்திரமாகவே படவில்லை. இணையக் குழுக்களில் அப்படிப் பேசுவது அவ்வளவு சகஜமாகியிருந்தது.

அந்தப் பையனுக்கு மறுநாள் மாலைதான் தனியாக எழுதினேன். “தம்பி, அது சரிபண்ணக்கூடியதுதான். நாலு வரி அடிச்சா போதும். கம்ப்யூட்டர் பக்கத்துல இருக்கா?”

இரவில் பதில் வந்தது. “பரவால்ல சார். கடையில குடுத்து விண்டோஸ் போட்டுட்டேன். உள்ள இருந்ததெல்லாம் போயிடுச்சு. தேங்க்ஸ் சார்.”

நான்கு வரிகளையும் தட்டி, அனுப்பத் தயாராக வைத்திருந்தேன்.